எண்ணெய் தொடாத நாற்பத்து மூன்று நாள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. என்ன வியாதி என்று கேட்டவர்களுக்கெல்லாம் "கேஸ்ட்ரிக்தான், வேற ஒன்னுமில்ல" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். அது பச்சைப் பொய். சொல்லிச் சொல்லி எனக்கே என் மேல் அருவருப்பு வந்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். சாப்பிட உட்காரப் போகிறவர்கள் முதலில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

என் பெயர் வசந்தி. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. பாலத்தைத் தாண்டி பிறையில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பதினாறு வருடமாகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன். நாற்பத்தெட்டு நாள் விரதம், மதியம் ஒரு வேளைச் சோறு, கவிச்சி கிடையாது. இந்த வருடம் தொழிற்சாலை மருத்துவப் பரிசோதனையில் "கொழுப்பு கூட இருக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சரி, இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று எண்ணெயையும் நிறுத்தினேன். தாளிப்புகூட இல்லாத சாம்பார், தேங்காய் போடாத கூட்டு. வேலையிடத்தில் அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன்.

மற்ற நேரத்துக்கு என்ன செய்தேன் என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. குடிப்பது சாப்பாட்டில் சேராது. காலையில் சீனி தூக்கலாகப் போட்ட தே ஓ, பாலில்லாத தேநீர். பத்து மணிக்கு கேன்டீனில் சிரப் பாண்டோங், அதாவது ரோஸ் சிரப்பில் பால் ஊற்றிய இளஞ்சிவப்புத் தண்ணீர். மூன்று மணிக்குக் கல்கண்டு போட்ட பார்லி. வீட்டுக்கு வந்ததும் மறுபடி சிரப். படுக்கப் போகுமுன் பஞ்சாமிர்தம் இரண்டு கரண்டி. அது பிரசாதம், அதுவும் கணக்கில் வராது. இதைத்தான் நான் விரதம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்து மூன்றாம் நாள் மதியம், சோற்றில் கை வைத்த கொஞ்ச நேரத்தில் வலி வந்தது. நெஞ்சுக்குக் கீழே குத்தி முதுகு வழியாக வெளியே வருகிற மாதிரி ஒரு வலி. நிமிர முடியவில்லை, படுக்க முடியவில்லை. பக்கத்து கிளினிக்கில் வாயுவுக்கு மருந்து கொடுத்தார்கள், அதையும் வாந்தி எடுத்தேன். என் கணவரின் அக்கா பத்மா அண்ணி கீழ் மாடியில் இருக்கிறார். எங்கள் அடுக்குமாடிப் பெண்களின் பால்குடக் குழுவுக்கு அவர்தான் தலைவி. வந்து பார்த்துவிட்டு, "கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போட்டா சரியாயிரும்" என்றார். சுற்றியும் போட்டார். நான் அவர் காலடியிலேயே பச்சையாக வாந்தி எடுத்தேன். என் கணவர் கணேசன் அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை, என்னைக் காரில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அவசரப் பிரிவில் மிஸி, அதாவது நர்ஸ், ரத்தம் எடுத்தார். அரைமணி கழித்துத் திரும்ப வந்து இன்னொரு தடவை எடுத்தார். மூன்றாம் தடவை வந்தபோது என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எத்தன வாட்டி குத்துவீங்க? பழகுறதுக்கு இவதான் கெடச்சாளா?"

அப்போது ஒரு சின்ன வயது டாக்டர் வந்தார். ரேவதி என்று சட்டையில் பெயர். பாலத்துக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப் ஊர்ப் பெண் என்று பிறகு தெரிந்தது. கையில் என் ரத்தக் குழாயை வைத்திருந்தார்.

"அண்ணே, மிஸி மேல தப்பில்ல. இந்த ரத்தத்த மெஷினால படிக்க முடியல. நீங்களே பாருங்க."

குழாயில் ரத்தம் சிவப்பாக இல்லை. பாண்டோங். அப்படியே அதே நிறம், அதே பால் கலந்த கலங்கல். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்ததில் மேலே வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது.

"இது யாருது டாக்டர்?" என்று கேட்டேன்.

"உங்களுதுதான்க்கா."

எனக்கு வலியைவிட அதுதான் பொறுக்கவில்லை. இந்தக் கொழகொழப்பா என் தலைக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது? என் உடம்பை எங்காவது கழற்றி வைத்துவிட்டு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. கட்டிலோரம் சாய்ந்து மறுபடி வாந்தி எடுத்தேன்.

வியாதியின் பெயர் கணைய அழற்சி. கணையம் இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கிற உறுப்பு. செரிப்பதற்கான நீரும் இன்சுலினும் அங்கேதான் சுரக்கின்றன. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு எல்லை மீறினால் கணையம் வெந்துபோய், சோற்றைச் செரிக்க வேண்டிய நீர் கணையத்தையே செரிக்கத் தொடங்கிவிடும். இங்குள்ள ஆஸ்பத்திரி அளவுமுறையில் அந்தக் கொழுப்பு இரண்டுக்குக் கீழே இருக்க வேண்டுமாம். எனக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். என் வயிற்றுக்குள் ஓர் உறுப்பு தன்னைத்தானே தின்றுகொண்டிருக்க, நான் அதற்கு வாயு மருந்து கொடுத்திருக்கிறேன்.

"நான் எண்ணெயே தொடல டாக்டர். நாப்பத்து மூணு நாளா ஒரு சொட்டுகூட இல்ல."

"கொழுப்பு வாய் வழியாத்தான் வரணுமாக்கா? உங்க கல்லீரலே செய்யும். சோறும் சீனியும் குடுத்தாப் போதும்."

பிறகு ஒருநாள் வார்டில் என் கட்டிலருகே நின்று பொறுமையாக விளக்கினார். சீனி ரத்தத்தில் ஏறியதும் கணையம் இன்சுலினை அனுப்புகிறது. இன்சுலின் கல்லீரலுக்குச் சொல்வது இதுதான்: தேவையானதை எரி, கொஞ்சம் சேர்த்து வை, மிச்சத்தைக் கொழுப்பாக மாற்று. அந்த மாற்று வேலையைத் தொடங்கிவைக்க ஒரு நொதி இருக்கிறது. இன்சுலின் வந்தால் அது எழுந்து வேலை பார்க்கும். வயிறு காய்ந்தால் குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து அதை அடக்கிவிடும், சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்து எரிக்கச் சொல்லும். சிரப்பில் இருக்கிற சீனியில் பாதி நேராகக் கல்லீரலுக்கே போய்ச் சேருகிற வகை, அது இன்னும் சுலபமாகக் கொழுப்பாகிவிடும்.

"வெரதம்னா பட்டினி கெடக்கணும்லா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி இனிப்பு குடிச்சா, உங்க கல்லீரலுக்கு எப்பக்கா வெரதம்?"

எங்கள் தொழிற்சாலையில்கூட இயந்திரங்களை ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். நான் கண் விழித்திருந்த நேரமெல்லாம் என் கல்லீரலை நிறுத்தவே விடவில்லை. சாமி பெயரைச் சொல்லி நாற்பத்து மூன்று நாள் என் ரத்தத்தில் கொழுப்பை ஊற்றியிருக்கிறேன்.

இதெல்லாம் பிறகு. சேர்த்த அன்றைக்கே டாக்டர் ஒன்று கேட்டார். அங்கேதான் என் அசிங்கம் தொடங்குகிறது.

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களாக்கா? ஹார்மோன் மாத்திரை, குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை?"

கணவர் தலைமாட்டில் நின்றார். அண்ணி கால்மாட்டில் நின்றார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணி முந்திக்கொண்டார்.

"அவ தலவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டா டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"இல்ல டாக்டர்" என்றேன்.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். கொடுத்தவரே அண்ணிதான். எங்கள் குழுவில் அதற்குப் பெயர் சாமி மாத்திரை. விரத நாட்களில் தீட்டு வந்துவிடக் கூடாது, வந்தால் குடத்தைத் தொடக் கூடாது. அதனால் அண்ணி ஃபார்மசியில் கருத்தடை மாத்திரை வாங்கி எல்லாருக்கும் அட்டை அட்டையாகப் பிரித்துக் கொடுப்பார். "கடைசி வரிச வெறும் சீனி மாத்திரை, அதத் தூக்கிப் போட்டுட்டு அடுத்த அட்டைக்குப் போயிரு" என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த மருத்துவ ஆலோசனை. முந்தைய வருடங்களில் பத்துப் பதினைந்து நாள் போடுவேன். இந்த வருடம் விரதம் தொடங்குமுன்பே ஆரம்பித்து இரண்டு மாதம் விடாமல் போட்டிருந்தேன். ஆண்கள் யாருக்கும் இது தெரியாது. பேசவும் மாட்டோம்.

வார்டில் என்னை வாயைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். தண்ணீர்கூடக் கிடையாது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையில் இருந்ததை வெளியே இழுத்தார்கள். கட்டிலோரம் தொங்கிய பையில் பச்சையும் பழுப்புமாகச் சேர்ந்துகொண்டிருந்ததை நாளெல்லாம் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கையில் இன்சுலின் சொட்டு ஏறிற்று. குளூக்கோஸும் சேர்ந்தே ஏறிற்று. மணிக்கு ஒரு தடவை மிஸி விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார். கொழுப்பைச் செய்யச் சொல்கிற இன்சுலினையே எதற்கு ஏற்றுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னொரு வேலையும் இருக்குக்கா" என்றார் டாக்டர் ரேவதி. "ரத்தத்துல மெதக்குற கொழுப்ப எறக்கி உள்ள அனுப்புற நொதியையும் அதுதான் எழுப்பணும். உங்க ஒடம்பு இப்ப அது பேச்ச ஒழுங்கா கேக்க மாட்டேங்குது. அதான் சத்தமா சொல்ல வேண்டியிருக்கு. சக்கர ரொம்ப எறங்கிடக் கூடாதுன்னுதான் குளூக்கோஸ்."

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் என்ன வாங்கி வந்தார்கள் தெரியுமா? பாட்டில் பாட்டிலாக இனிப்புத் தண்ணீர். "தெம்பா இருக்கும், குடிம்மா" என்று தலைமாட்டில் அடுக்கிவிட்டுப் போனார்கள். மூக்கில் குழாயோடு கிடக்கிறவளிடம் பஞ்சாமிர்தத்தைத் தொட்டு நாக்கில் வைக்க வந்த ஒரு அத்தையை மிஸி விரட்டிவிட்டார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

அன்பாக இருந்தவர்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியிலேயே கிடந்தார். பக்கத்துக் கட்டில் சீனப் பெண், தான் சாப்பிடும்போது வாசனை எனக்கு வரக் கூடாது என்று திரையை இழுத்துவிட்டுக்கொள்வார். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் படிக்கிற என் மகள் யாழினி பள்ளிக்கூடம் விட்டதும் வந்து என் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுவாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மூக்குக் குழாயை எடுத்தார்கள். கழிவறைக்குப் போக அனுமதி கிடைத்ததும் நான் செய்த முதல் காரியத்தை எழுதக் கை கூசுகிறது. கைப்பையில் ஒளித்து வைத்திருந்த அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். தைப்பூசத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அதற்குள் விட்டுவிடுவார்கள், எப்படியாவது குடம் எடுத்துவிடலாம் என்று ஒரு பேராசை. மாத்திரையை நிறுத்தினால் ஆஸ்பத்திரியிலேயே தீட்டு வந்துவிடும், அண்ணி முகத்தைச் சுளிப்பார் என்று ஒரு பயம். தரையெல்லாம் தண்ணீர், யாரோ சரியாக ஊற்றாமல் போன பீங்கான், வாளியில் மிதந்த முடி. அந்த நாற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து, சுத்தத்துக்காக மாத்திரை விழுங்கினேன். அடுத்த இரண்டு நாள் காலையிலும் அதையே செய்தேன்.

மூன்றாம் நாள் டாக்டர் தாளைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். நாற்பதிலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கியது அங்கேயே நின்றுவிட்டதாம்.

"எறங்க வேண்டிய வேகத்துல எறங்கலக்கா. ஏன்னு புரியல." சற்று யோசித்துவிட்டு, "சில பேருக்குக் குடும்ப வழியாவும் இது வரும். மக இருக்கால்ல? அவளுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துருங்க" என்றார்.

யாழினி மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு கிளினிக்கில் ரத்தம் கொடுத்துவிட்டு, மத்தியானம் முடிவை வாங்கிக்கொண்டு வந்தாள். அண்ணியும் கூட வந்திருந்தார். டாக்டர் வருமுன் யாழினி என் காதருகே குனிந்து, "ம்மா, கவலப்படாதீங்க. உங்க குடத்த இந்த வருசம் நான் எடுக்கிறேன். வேண்டுதல் நிக்காது" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"உனக்கும் கொழுப்பு கூடத்தான் இருக்கும்மா. பயப்படுற அளவுக்கு இல்ல, ஆனா இந்த வயசுக்கு இது ஜாஸ்தி. ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறியா? ஹார்மோன் மாதிரி எதாச்சும்?"

யாழினி டாக்டரைப் பார்க்கவில்லை. அவள் கண் அத்தையிடம் போயிற்று. அண்ணி ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இல்ல டாக்டர்" என்றாள் என் மகள்.

நான் சொன்ன அதே சொல். நான் பார்த்த அதே பார்வை. இவளுக்கு நான் வேறு எதையும் சொல்லிக் கொடுத்தேனோ இல்லையோ, இதைச் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"பொய் சொல்லாத யாழு. எத்தன நாளா போடுற?"

அவள் அழத் தொடங்கிவிட்டாள். "நாலு நாளா ம்மா. எனக்குத் தேதி பூசத்தன்னிக்குத்தான் வருது. அத்தைதான் குடுத்தாங்க."

"டாக்டர், நானும் போட்டேன்" என்றேன். குரல் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். "ரெண்டு மாசமா. கருத்தடை மாத்திரை. உங்ககிட்ட இல்லன்னு சொன்னேன்ல, பொய். இன்னிக்குக் காலையிலகூட அந்த டாய்லெட்ல நின்னு முழுங்கினேன்."

கணவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அண்ணியின் முகம் சிவந்துவிட்டது.

"தம்பிய வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா வசந்தி இது?"

"எது பேசக் கூடாத பேச்சு அண்ணி? மாசாமாசம் வர்றதா? அது தீட்டு. அந்தக் குழாய்ல ஆட கட்டி நின்னுச்சே என் ரத்தம், அது என்ன, சுத்தமா?"

அண்ணி ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். டாக்டர் ரேவதி திட்டவில்லை. அட்டையைக் காட்டச் சொன்னார், பெயரைப் பார்த்தார், என் தாளில் அரை வரி எழுதினார். அந்த மாத்திரையில் ஈஸ்ட்ரஜன் இருக்கிறதாம். அது கல்லீரலைத் தூண்டி இன்னும் அதிகமாகக் கொழுப்பைச் செய்து ரத்தத்தில் விடச் சொல்லும். பெரும்பாலான பெண்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, டாக்டரைக் கேட்டுச் சாப்பிட்டால் பயப்படவும் வேண்டாம். குடும்ப வழியாக இந்தக் கோளாறு இருந்து, நாளெல்லாம் சீனியும் குடிக்கிறவளுக்குத்தான் இந்த கதி. இரண்டு பேரும் இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார். உயிர் போனாலும் சொல்லக் கூடாது என்று நான் வைத்திருந்தது அந்த அரை வரிதான்.

எல்லாரும் போன பிறகு கணவர் கேட்டார். "என்கிட்டகூடவா சொல்லக் கூடாது?"

"இத்தன வருசத்துல இதப் பத்தி நாம ஒரு வாட்டியாவது பேசியிருக்கோமா?"

அவர் போர்வையை என் கால்வரை இழுத்துவிட்டார்.

அடுத்த நாள் கொழுப்பு பத்துக்குக் கீழே இறங்கியது. தைப்பூசத்தன்று காலை எனக்கு உதிரம் வந்தது, மாத்திரையை நிறுத்தினால் வருகிற அதேதான். கணவரிடம் நேராகச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கடைக்குப் போனவர் எது என்று தெரியாமல் மூன்று வகை நாப்கின் வாங்கிக்கொண்டு, காகிதத்தில் சுற்றாமல், பையிலும் போடாமல், இரண்டு கையிலும் பிடித்தபடி வார்டு முழுக்க நடந்து வந்தார். பக்கத்துக் கட்டில் சீனப் பெண் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அந்த ஆறு நாளில் நான் சிரித்தது அப்போதுதான்.

சாயங்காலம் அண்ணி வந்தார். மஞ்சள் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, மலைக்கோயிலிலிருந்து நேராக வந்திருக்கிறார். வார்டு வாசலோடு நின்றுவிட்டார், உள்ளே கால் வைக்கவில்லை. மாத்திரையை நிறுத்தினால் எனக்கு என்ன வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? பிரசாதப் பொட்டலத்தை எட்டி நீட்டி யாழினியைக் கூப்பிட்டார். பாலும் திருநீறும் சுமந்து வந்த மனுஷி, கட்டிலில் கிடக்கிற என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ சாக்கடைபோல ஆகிவிட்டேன்.

யாழினி எழுந்து போனாள். பொட்டலத்தை வாங்கவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, எனக்கும் காலையிலதான் வந்துச்சு. தொட்டாச்சு. இனிமே என்ன, உள்ள வாங்க."

அண்ணி கையை இழுக்கவும் இல்லை, அசையவும் இல்லை. மருந்துத் தள்ளுவண்டியோடு வந்த மிஸி, "தெப்பி காக், தெப்பி" என்று மலாயில் ஒதுங்கச் சொன்னார். வாசலில் நிற்க இடமில்லை. அண்ணி உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்து என் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். என் கையில் ஏறுகிற சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வசந்தி, அந்த டாக்டர் எப்ப வருவாங்க?"

"ஏன் அண்ணி?"

"எனக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லணும். பதினாலு வருசமா போடுறேன், ஒவ்வொரு திருவிழாவுக்கும்." விரல்விட்டு எண்ணினார். "குரூப்புல இன்னும் ஒம்போது பேரு இருக்காங்க."

கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார். முதலில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.